கனக்கும் கறுப்பு

வெள்ளைப் பீங்கான் கோப்பையில் கடுகளவு கரும்புள்ளி விழுந்தாலும் அது செகண்ட்ஸ். கோப்பை கீறவில்லை, ஒழுகவில்லை, காபி குடிக்க ஒரு தடையும் இல்லை. ஆனாலும் விலை பாதியாகிவிடும். புள்ளி விளிம்பில் வந்துவிட்டால் அந்தப் பாதியும் தேறாது. விருத்தாசலத்தில் வெள்ளைச் சரக்கு செய்தவர்கள் சூளைக்குப் பயந்ததைவிட இந்தப் புள்ளிக்குத்தான் அதிகம் பயந்தார்கள். நான் மூலப்பொருள் யார்டிலும் கிளேஸ் ரூமிலும் காலம் கழித்தவன். புள்ளி எங்கிருந்து வருகிறது என்று துப்புத் துலக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அப்படித் துலக்கியதில் கைக்கு வந்த ஒரு கல்லைப் பற்றியும், அதைப் பொறுக்கி எறிந்தே பிழைத்த எங்கள் ஊர்த் தொழிலைப் பற்றியும் எழுதவேண்டும் என்று வெகுநாளாக எண்ணம்.

முதலில் மண். பீங்கானுக்கு வேண்டிய களிமண்ணைத் தேடி எடுக்கும் வேலை நம் பக்கத்தில் பழையது. 1850-இல் சென்னையில் கலைப் பள்ளியைத் தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர், மாகாணத்தின் பல மூலைகளிலிருந்தும் களிமண்ணை வரவழைத்துச் சுட்டுப் பார்த்தவர். ஆனால் விருத்தாசலத்துக்குப் பீங்கான் ஊர் என்ற பெயர் வர நூறு வருஷம் கழித்து நெய்வேலியில் குழி வெட்டவேண்டியிருந்தது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது. 1957-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. அந்த நிலக்கரிக்கு மேலே மலை மலையாக மண் கிடந்தது. அதில் வெள்ளைக்களியும் இருந்தது. கரிக்காக வாரிக் கொட்டிய மண்ணிலிருந்து இந்தக் களியைக் கழுவி எடுக்க ஓர் ஆலையே நெய்வேலியில் ஓடியது. பக்கத்து ஊரான விருத்தாசலத்தில் அரசின் பீங்கான் தொழிற்பேட்டை வந்ததற்கும், பீங்கான் தொழில்நுட்பம் படிக்கத் தனியாக ஒரு பயிலகம் வந்ததற்கும் அந்தக் களிதான் காரணம். நான் டிப்ளமோ படித்தது அங்கேதான்.

என்னவெல்லாம் செய்தார்கள் என்று கேட்டால், இன்றைக்கு இருப்பவர்களுக்கு அகல் விளக்கும் கொலு பொம்மையும்தான் தெரியும். அப்போது வீட்டுக்கு வீடு மீட்டர் பலகையில் இருந்த பீஸ் கேரியர் எங்கள் சரக்கு. அதை நாங்கள் கிட்காட் என்போம். இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, டீக்கடைக் கோப்பை, ஆய்வுக்கூடச் சாமான்கள் எல்லாம் சின்னச் சின்ன ஷெட்களில் உருவாகின. இன்னொரு பக்கம் சாக்கடைக்கான ஸ்டோன்வேர் குழாய்கள். குழாய்க்காரர்கள் பாடு சுகம். சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உப்பை வாரி உள்ளே போடுவார்கள். உப்பிலுள்ள சோடியம் களிமண்ணோடு சேர்ந்து பழுப்புக் கண்ணாடிப் பூச்சாக மாறிவிடும். அந்தப் பழுப்பில் ஆயிரம் புள்ளி விழுந்தாலும் யார் பார்க்கப் போகிறார்கள்? புள்ளிக்கு மாரடித்தது வெள்ளைக்காரர்கள்தான், அதாவது வெள்ளைச் சரக்குக்காரர்கள்.

வெள்ளைச் சரக்குக்குக் களி மட்டும் போதாது. ஏறத்தாழப் பாதி களி, கால் பங்கு குவார்ட்ஸ், கால் பங்கு பெல்ஸ்பார் என்பது பாடப்புத்தகக் கணக்கு. களி உருவத்தைப் பிடித்து நிற்கும். குவார்ட்ஸ் எலும்பு. பெல்ஸ்பார் உருகி, இரண்டையும் கட்டி, பாண்டத்தை நீர் இறங்காதபடி இறுக்கும். களி பக்கத்தில் கிடைத்தது, பெல்ஸ்பார் கிடைக்கவில்லை. விருத்தாசலத்தைச் சுற்றி இருப்பவை கடல் வண்டல் படிந்த பாறைகளும் கடலூர் மணற்கல்லும்தான். 1862-இலேயே பிளான்போர்டு என்ற நிலவியலாளர் தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களின் இந்தக் கிரெட்டேசியஸ் பாறைகளை வகைப்படுத்தி எழுதிவிட்டார். அவற்றில் கிளிஞ்சலும் நத்தைக் கூடும் கிடைக்கும். பெல்ஸ்பாருக்கு மேற்கே போகவேண்டும்: சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று பழைய படிகப் பாறை நாட்டுக்கு. அங்கிருந்து லாரியில் வரும்.

பெல்ஸ்பார் கிடைப்பது பெக்மடைட் என்ற பாறையில். பூமிக்கடியில் கருங்கல் குழம்பு இறுகும்போது கடைசியாக மிஞ்சும் சாறு விரிசல்களில் ஏறி உறைந்தால் அது பெக்மடைட். மற்றக் கனிமங்கள் எதிலும் இடம் கிடைக்காத தனிமங்கள் எல்லாம் இந்தக் கடைசிச் சாற்றில் வந்து சேரும். பெரிலியம், லித்தியம், யுரேனியம், டான்டலம், நையோபியம் எல்லாமே இப்படி ஒதுங்கியவைதான். அதனால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக வரும் பெல்ஸ்பார் பாளங்களில் அங்கங்கே கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அப்படியே பால்மில்லில் போட்டு அரைத்தால் கறுப்பும் சேர்ந்து அரைபடும். 1,250 டிகிரிக்கு மேல் சூளையில் உருகிப் புள்ளியாக வந்து நிற்கும்.

எனவே பொறுக்கவேண்டும். யார்டில் வேப்பமர நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சின்னச் சுத்தியலால் பாளத்தைத் தட்டி, கறுப்பைப் பிரித்து இரும்புச் சட்டியில் போடுவார்கள். அந்த வரிசையில் என் பெரியம்மாவும் ஒருத்தி. பள்ளிக்கூடம் போகாதவர். நான் டிப்ளமோ முடித்து வேலைக்கு வந்தபோது பெல்ஸ்பாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும். கறுப்பை அவர் நாலு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். ஏடு ஏடாக உரிவது ‘மினுக்கு’. கோடு போட்ட குச்சிகளாக வருவது ‘குச்சி’. பக்கத்துக் கல்லையும் பழுப்பாக்குவது ‘துரு’. நாலாவது ‘கனம்’. அது எப்போதாவதுதான் வரும். மற்ற மூன்றையும் சட்டியில் போடுவார். கனத்தை மட்டும் தன் பக்கத்தில் தனியாக வைப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“கையில எடுத்துப் பாருடா தம்பி. இம்மாத்துண்டு கல்லு, எம்மாங் கனம் கனக்குது! இது வேற ஜாதி.”

மினுக்கு என்பது பயோடைட். குச்சி டூர்மலின். துரு இரும்புக் கறை. கனம் என்ற குவியலில் பெரும்பாலும் மேக்னடைட்டும் இல்மனைட்டும் இருந்தன. ஒருமுறை கரூர்ப் பக்கத்து லோடில் வந்த ஒரு துண்டு மட்டும் எதிலும் அடங்கவில்லை. லாடக் காந்தத்தைக் காட்டினேன், ஒட்டவில்லை. மேக்னடைட் என்றால் பாய்ந்து வந்து ஒட்டியிருக்கும். கத்தியால் கீறினேன், விழவில்லை. பிறகு கிளேஸ் போடாத ஒரு பிஸ்கெட் துண்டில் தேய்த்தேன். கனிமவியல் மாணவர்கள் காசு கொடுத்து வாங்கும் கீற்றுத் தட்டு வேறொன்றும் இல்லை, கிளேஸ் போடாத பீங்கான்தான். எங்கள் யார்டில் அது குப்பை. டூர்மலின் பீங்கானைவிடக் கடினம், நிறம் விடாது. இந்தக் கல் கருஞ்சிவப்பான பழுப்புக் கோட்டை விட்டது. உடைந்த முகத்தில் எண்ணெய் மிதப்பதுபோல் நீலமும் ஊதாவும் மின்னின. கடைசியாக எடை. தராசில் காற்றில் ஒருமுறை, நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு ஒருமுறை. 100 கிராம் பெல்ஸ்பார் தண்ணீருக்குள் 61 கிராம் காட்டும், டூர்மலின் 68 காட்டும். இந்தக் கல்லின் கணக்கைப் போட்டபோது அடர்த்தி ஐந்தரையைத் தாண்டியது. புத்தகத்தைத் திறந்தால் எல்லாக் குறிகளும் ஒரே பக்கத்தில் நின்றன: கொலம்பைட்.

இரும்பு அணு ஒன்று, நையோபியம் இரண்டு, ஆக்சிஜன் ஆறு. இதுதான் கொலம்பைட்டின் கட்டுமானம். இரும்புக்குப் பதில் மாங்கனீசும் உட்காரலாம். செஞ்சாய்சதுரப் படிக அமைப்பு, தட்டையாகவோ குட்டைப் பட்டகமாகவோ வளரும். மோஸ் கடினத்தன்மை 6. பெல்ஸ்பாருக்கும் அதே 6 என்பதால் கீறிப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. சுத்தமான இரும்புக் கொலம்பைட்டில் 78 சதவீதத்துக்குக் குறையாமல் நையோபியம் ஆக்சைடு, மீதி இரும்பு ஆக்சைடு. கோப்பையில் புள்ளி வைத்த குற்றவாளி இந்த மீதிதான். நையோபியம் ஆக்சைடைத் தனியே பிரித்தெடுத்தால் அது நல்ல வெள்ளைப் பொடி. எந்தக் கிளேஸையும் கறுப்பாக்காது.

பெரியம்மா கையில் பிடித்துச் சொன்ன அந்தக் கனத்தை, லண்டனில் தராசு வைத்திருந்த ஒரு பெரிய மனிதர் கோட்டைவிட்டிருக்கிறார். இந்தக் கனிமத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

1801-இல் சார்லஸ் ஹாட்செட் என்ற வேதியியலாளர் பிரிட்டிஷ் மியூசியத்தின் கனிமங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். வண்டி செய்யும் தொழிலில் காசு பார்த்த குடும்பம். ஹான்ஸ் ஸ்லோன் என்பவர் சேர்த்துவைத்த பழைய பொருள்களுக்கிடையே அமெரிக்காவின் கனெக்டிகட்டிலிருந்து விந்திராப் என்பவர் அனுப்பிய ஒரு கறுப்புக் கல் கிடந்தது. கனமான கல். ஹாட்செட் அதில் ஒரு துண்டைக் கரைத்துப் பார்த்து, இதுவரை யாரும் அறியாத உலோகம் இதற்குள் இருக்கிறது என்று அந்த ஆண்டு நவம்பரில் ராயல் சொசைட்டியில் அறிவித்தார். அமெரிக்கக் கல் என்பதால் கொலம்பியம் என்று பெயர் வைத்தார். உலோகத்தைத் தனியாகப் பிரித்தெடுக்க அவரால் முடியவில்லை. கிடைத்தது ஆக்சைடு மட்டுமே. மறு ஆண்டு ஸ்வீடனில் ஏக்கபெர்க் வேறு கற்களில் டான்டலத்தைக் கண்டுபிடித்தார்.

1809-இல் வில்லியம் ஹைட் உல்லாஸ்டன் இரண்டையும் ஒப்பிட்டார். பல்லேடியத்தையும் ரோடியத்தையும் கண்டுபிடித்த கெட்டிக்காரர் அவர். கொலம்பைட்டின் அடர்த்தி 5.9 என்றும் டான்டலம் உள்ள டான்டலைட்டின் அடர்த்தி 8-ஐ ஒட்டி இருப்பதாகவும் அவரே அளந்தார். அளந்துவிட்டு, இரண்டும் ஒரே தனிமம்தான் என்று தீர்ப்பு எழுதினார். வேதிச் சோதனைகளில் இரண்டு ஆக்சைடும் ஒரே மாதிரி நடந்துகொண்டதால் எடை வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டார். அவர் பெயருக்கு இருந்த மரியாதையில் அந்தத் தீர்ப்பு முப்பத்தைந்து வருஷம் அசையாமல் நின்றது. ஹாட்செட் வேதியியலை விட்டுக் குடும்பத் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்.

1844-இல் பெர்லினில் ஹைன்ரிஷ் ரோஸ், இந்தக் கற்களில் இரண்டு வெவ்வேறு தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டினார். கிரேக்கக் கதையில் டான்டலஸின் மகள் நையோபி. அவள் பெயரை இரண்டாவதற்கு வைத்தார். போகிறபோக்கில் பெலோப்பியம் என்று மூன்றாவது ஒன்றையும் கண்டதாகச் சொன்னார். அப்படி ஒன்று இல்லை. 1860-களில்தான் குழப்பம் தீர்ந்தது. ஜெனீவாவின் மாரிக்ஞாக் இரண்டையும் பொட்டாசியம் புளோரைடு உப்புகளாக மாற்றினார். டான்டலம் உப்பு எளிதில் கரையாமல் படிந்துவிடும், நையோபியம் உப்பு கரைசலிலேயே தங்கிவிடும். தொழிற்சாலைகளில்கூட 1950-கள் வரை இந்த வழியில்தான் பிரித்தார்கள். பெயர்ச் சண்டைக்கு இன்னும் நாள் பிடித்தது. 1949-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வேதியியலாளர்கள் நையோபியம் என்று முடிவெடுத்தார்கள். உலோகக்காரர்கள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நம் இஸ்ரோகூட 2024-இல் பிஎஸ்எல்வி நான்காம் கட்ட நாசிலைப் பற்றிய செய்திக் குறிப்பில், அது அதுவரை கொலம்பியம் கலவையால் செய்யப்பட்டது என்றே எழுதியது.

உல்லாஸ்டன் ஏன் ஏமாந்தார் என்பதற்கு அணுவின் அளவு பதில் சொல்லும். ஐந்து எலக்ட்ரான் இழந்த நையோபியத்தின் ஆரமும் டான்டலத்தின் ஆரமும் ஒன்றே: 0.64 ஆங்ஸ்ட்ராம். ஒன்றின் நாற்காலியில் மற்றது அப்படியே உட்காரும். வேதிக் குணத்திலும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் அணு எடை நையோபியத்துக்கு 93, டான்டலத்துக்கு 181. அதனால் இயற்கையில் சுத்தக் கொலம்பைட்டும் சுத்த டான்டலைட்டும் அபூர்வம். நடுவில் எல்லாக் கலவைகளும் உண்டு. நையோபியம் மிகுந்த முனையில் அடர்த்தி 5.2, டான்டலம் மிகுந்த முனையில் 8-க்கு மேல். கருவிகள் இல்லாத காலத்தில், தண்ணீரில் எடை போட்டே ஒரு கல்லில் டான்டலம் எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள்.

வகைப்பாடும் இந்த நாற்காலிக் கணக்கின்மேல்தான் நிற்கிறது. நையோபியம் பாதிக்கு மேல் இருந்தால் கொலம்பைட், டான்டலம் மேலோங்கினால் டான்டலைட். அடுத்த இடத்தில் இரும்பா, மாங்கனீசா, மக்னீசியமா என்று பார்த்து வால் சேர்ப்பார்கள். முன்பு பெரோகொலம்பைட் என்று முன்னால் இருந்த இரும்பை 2008-இல் பின்னால் தள்ளி அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். பழைய புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இது ஒரு தலைவலி. ஆக்சைடு கனிமங்கள் என்ற பெருவகுப்பில் இதன் இடம் மாறவில்லை. 2023-இல் கொலம்பைட் பெருங்குழு என்று ஒன்றை வகுத்து, இக்சியோலைட், வுல்பிரமைட், சமர்ஸ்கைட், கொலம்பைட், வோட்ஜினைட் என ஐந்து குழுக்களை அதற்குள் அடக்கினார்கள். ஆக்சிஜன் அடுக்குகளுக்கு நடுவே உலோகங்கள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான் அளவுகோல். அந்த வரிசை தெரிய எக்ஸ்ரே வேண்டும். மினுக்கு, குச்சி, துரு, கனம் என்ற பிரிப்புக்கு ஒரு கை போதும். இரண்டும் வகைப்பாடுதான், வேலை வேறு.

நையோபியம் இருக்கும் இன்னொரு கனிமத்துக்குத் தமிழ்நாட்டில் உறுதியான முகவரி உண்டு. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் சேவத்தூர். அங்கே இருப்பது கார்பனடைட், அதாவது பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக ஏறி உறைந்த சுண்ணப் பாறை. வயது சுமார் 75 முதல் 80 கோடி ஆண்டு. 1971-இல் போரோதினும் அவரோடு சேர்ந்த ரஷ்ய, இந்திய நிலவியலாளர்களும் தமிழகக் கார்பனடைட்டுகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். ஊர்க்காரர்களுக்குச் சேவத்தூர் என்றால் வெர்மிகுலைட். தமிழ்நாடு கனிம நிறுவனம் வெட்டி எடுக்கும் அந்தக் கனிமம் சூட்டில் அட்டைப்பூச்சிபோல் நீளும். அந்தச் சுண்ணப் பாறைக்குள் சின்ன எண்முகப் படிகங்களாகப் பைரோகுளோர் இருக்கிறது.

பைரோகுளோரை 1826-இல் நார்வேயிலிருந்து வந்த கல்லில் கண்டு எழுதியவர் வோலர். சில துண்டுகள் தீயில் காய்ச்சினால் பச்சையாக மாறும், அதிலிருந்துதான் பெயர். கொலம்பைட்டைவிட இது மென்மை, கடினத்தன்மை 5 முதல் 5.5. கனசதுரப் படிக அமைப்பு. பழுப்பு, தேன் நிறம், கறுப்பு என்று பல நிறம். இதன் கூட்டில் பெரிய அணுக்களுக்கு ஓர் இடம் உண்டு. கால்சியம், சோடியம், யுரேனியம், பேரியம், அருமண் என யார் வேண்டுமானாலும் அங்கே குடியேறலாம், காலியாகவும் விடலாம். அதனால் ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஹாட்செட்டுக்கு மரியாதையாக 1877-இல் ஹாட்செட்டோலைட் என்றுகூட ஒன்று வந்தது; 1977-இல் அதை அடித்துவிட்டு யுரேன்பைரோகுளோர் என்றார்கள்; 2010-இல் அந்தப் பெயரையும் அடித்தார்கள். இப்போது பைரோகுளோர் என்றால் ஒரு பெருங்குழு. எண்முகக் கூட்டின் நடுவில் நையோபியம் மிகுந்தால் பைரோகுளோர், டான்டலம் மிகுந்தால் மைக்ரோலைட், டைட்டேனியம் என்றால் பெட்டபைட், ஆன்டிமனி என்றால் ரோமியைட், டங்ஸ்டன் என்றால் எல்ஸ்மோரைட். பாவம் ஹாட்செட், கண்டுபிடித்த உலோகத்தின் பெயரும் நிலைக்கவில்லை, தன் பெயர் வைத்த கல்லும் நிலைக்கவில்லை.

சேவத்தூர்ப் பைரோகுளோரில் யுரேனியம் தூக்கல். கோடிக்கணக்கான ஆண்டுகள் யுரேனியம் உள்ளேயிருந்து கதிர் வீசினால் படிகத்தின் ஒழுங்கு குலைந்து, வெளித்தோற்றம் படிகமாகவும் உள்ளே கண்ணாடியாகவும் ஆகிவிடும். அதைச் சூளையில் வைத்துச் சுட்டால் கலைந்த அணுக்கள் மறுபடி வரிசைக்கு வரும். சூளைக்காரனுக்கு இது புரிகிற விஷயம். யுரேனியத்தை இத்தனை காலம் விடாமல் பிடித்துவைத்திருக்கும் இதுபோன்ற கட்டமைப்புகளைச் செயற்கையாகப் பீங்கானில் செய்து அணுக்கழிவைப் பூட்டிவைக்கலாம் என்று ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் 1978-இல் சின்ராக் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். பீங்கான் என்றால் கோப்பையும் பொம்மையும் மட்டும் அல்ல என்று மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

எங்கள் ஊர்த் தொழிலின் சரிவும் இங்கேதான் வந்து சேர்கிறது. கிட்காட் பீஸுக்குப் பதில் எம்சிபி சுவிட்ச் வந்தது. ஸ்டோன்வேர் குழாய்க்குப் பதில் பிவிசி. கோப்பைச் சந்தையை வடநாட்டு ஊரான குர்ஜா பிடித்தது, டைல்ஸை மேற்கே மோர்பி பிடித்தது. ஊறுகாய் பிளாஸ்டிக்குக்குப் போயிற்று. மிஞ்சியது கார்த்திகை விளக்கும் நவராத்திரிப் பொம்மையும். அதே வருஷங்களில் வெளியே பீங்கான் வேறு திசையில் போய்க்கொண்டிருந்தது. மின்தேக்கிகளில் ஈயம், மக்னீசியம், நையோபியம் கலந்த ஆக்சைடு. ஒளித்தொடர்புச் சாதனங்களில் லித்தியம் நையோபேட். அழுத்தினால் மின்சாரம் தரும் பீங்கானிலிருந்து ஈயத்தை விலக்க, 2004-இல் ஜப்பானில் டொயோட்டா ஆய்வகத்தின் சைட்டோ குழு பொட்டாசியம் சோடியம் நையோபேட்டைக் கையில் எடுத்தது. அரைப்பது, கலப்பது, அழுத்துவது, சுடுவது எல்லாம் எங்களுக்குத் தெரிந்த வேலைகள்தான். வெள்ளை நையோபியம் ஆக்சைடு ஒரு டப்பாகூட எங்கள் பேட்டைக்குள் வந்து நான் பார்த்ததில்லை. மூலப்பொருள் விலையும் சுத்தமும் எங்கள் கைக்கு எட்டாதவை என்பது உண்மை. ஆனால் பத்து ஷெட்கள் சேர்ந்து ஒரே ஒரு ஷெட்டை அதற்கு ஒதுக்கியிருக்கலாம் என்பதும் உண்மை.

கனிமம் இருந்தும் பேச்சில் வராததற்குச் சட்டமும் ஒரு காரணம். நையோபியக் கனிமங்கள் அணுக் கனிமப் பட்டியலில் இருந்தன. தேடுவது 1949-இல் அரிய கனிம ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி இன்று ஐதராபாத்தில் தலைமையகம் வைத்திருக்கும் அணுக் கனிம இயக்குநரகத்தின் வேலையாக இருந்தது. ஆக்சைடாகச் சுத்தம் செய்வது அதே ஊரின் அணு எரிபொருள் வளாகத்தின் வேலை. குவாரிக்காரருக்கு அதில் கைவைக்க இடமும் இருக்கவில்லை, ஆசையும் இருக்கவில்லை. 2023 ஜூனில் மத்தியச் சுரங்க அமைச்சகம் 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலை வெளியிட்டது. நையோபியம் அதில் உண்டு. ஆகஸ்டில் சட்டத்தைத் திருத்தி, அணுக் கனிமப் பட்டியலிலிருந்து நையோபியம், டான்டலம், லித்தியம் உள்ளிட்ட ஆறு கனிமங்களை எடுத்து ஏல முறைக்குக் கொண்டுவந்தார்கள். அக்டோபரில் நையோபியத்துக்கு ராயல்டி சராசரி விற்பனை விலையில் 3 சதவீதம் என்று நிர்ணயித்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டுக் கரூர் பெல்ஸ்பார் குவாரியில் புதையல் இருக்கிறது என்று யாரும் கிளம்பவேண்டாம். உலகின் நையோபியத்தில் சுமார் 90 சதவீதம் பிரேசிலிலிருந்து வருகிறது, அதுவும் பெரும்பகுதி அராஷா என்ற ஒரே ஊரின் பைரோகுளோரிலிருந்து. அந்தச் சுரங்கம் வருவதற்குமுன் நைஜீரியாவின் ஜாஸ் பீடபூமிதான் முக்கிய ஊற்று. அங்கே தகரச் சுரங்கங்களில் கொலம்பைட் வேண்டாத கறுப்பாகக் கழிவோடு போயிற்று. 1952-இல் அமெரிக்க அரசு சந்தை விலைக்குமேல் அதே அளவு போனஸ் தருகிறேன் என்றதும் பழைய கழிவுக் குவியல்களையே கிளறினார்கள். நம் பெக்மடைட்டுகளில் அந்த அளவு கிடையாது. ஒரு லோடில் ஒரு துண்டு வந்தாலே அதிகம்.

ஆனாலும் குவாரிக்காரர்களுக்கும் பயிலக மாணவர்களுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பெல்ஸ்பார் பொறுக்கும் இடத்தில் கறுப்பை எல்லாம் ஒரே சட்டியில் கொட்டாதீர்கள். கையில் கனப்பதைத் தனியாக வையுங்கள். காந்தம் காட்டுங்கள், பிஸ்கெட்டில் தேயுங்கள், தண்ணீரில் எடை போடுங்கள். 100 கிராம் கல் தண்ணீருக்குள் 81 கிராமுக்குமேல் காட்டி, காந்தத்திலும் ஒட்டாவிட்டால், எந்தக் குவாரி, எந்தத் தேதி என்று சீட்டு எழுதிக் கட்டி அணுக் கனிம இயக்குநரகத்துக்குத் தெரிவியுங்கள். இப்படிப்பட்ட கற்களில் கொஞ்சம் யுரேனியமும் தோரியமும் இருக்கக்கூடும். அதனால் பொடித்துப் பார்க்கவேண்டாம், படுக்கை அறை அலமாரியில் வைக்கவேண்டாம், தொட்டபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.